ஏழு பேருக்கும் ஒரே தப்பு

"காப்பி அடிச்சது யாருன்னு நீங்களே சொல்லிட்டா மரியாதை. நானா கண்டுபிடிச்சேன்னா, இந்த வீட்டுப் படி ஏற விடமாட்டேன்."

மிஸ் ஏழு விடைத்தாள்களையும் சாப்பாட்டு மேஜை மேல் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பினாள். சாயங்காலம் ஆனால் அந்த மேஜைதான் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. சுற்றி உட்கார்ந்திருந்த ஏழு பேரும் மேஜை விரிப்பில் இருந்த பூக்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"'நான் வருவதற்குள் பஸ் போய்விட்டிருந்தது.' இதுதானே கேள்வி? ஏழு பேரும் என்ன எழுதியிருக்கீங்க தெரியுமா? 'பஸ் ஈஸ் வென்ட்டட்.' கோ, வென்ட், கான் தெரியும். வென்ட்டட் எங்கேர்ந்து வந்தது? வென்ட்டுக்கு வால் முளைச்சிருக்கா?"

"புதுசா வந்திருக்குமோ என்னமோ, மிஸ்" என்றார் கொரியர் ஆபீஸ்காரர்.

"நீங்க வாயைத் திறக்காதீங்க."

பியூட்டி பார்லர்காரி சிரிப்பை இருமலாக்கினாள்.

"ஒருத்தர் எழுதினா தெரியாம எழுதினதுன்னு விடலாம். ஏழு பேருக்கும் ஒரே இடத்துல, ஒரே மாதிரி தப்பு வருமா? ஒரு கேள்வி இல்ல, இருபதும் அப்படியே. இதுல லிஃப்ட் மெக்கானிக் வேற. போன டெஸ்ட்ல நூத்துக்கு நூறு. என்ன ஆச்சு உங்களுக்கு, மூளை ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடுச்சா?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தார்.

மிஸ்ஸின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. டென்ஸ் டெஸ்டில் கடைசியாக வருகிறவரை, ஏ பி சி டி படிக்கிற காலை பேட்ச்சுக்கு அனுப்பிவிடுவதாகப் போன வாரமே அறிவித்திருந்தாள். ஒரு ஆளுக்காக மொத்த வகுப்பும் நொண்டிக்கொண்டிருக்கிறது என்பது அவள் கட்சி. அந்த ஒரு ஆள் யார் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரி அக்கா.

ஒரு நர்சிங் ஹோமில் ஆயா. புதிதாக வந்த மேட்ரனுக்குத் தமிழ் வராது. டூட்டி மாறும்போது எல்லாவற்றையும் இங்கிலீஷில்தான் சொல்ல வேண்டும். 'மருந்து கொடுத்தாச்சு' என்பதை அக்கா 'கொடுப்பேன்' என்று சொல்லிவைக்க, அடுத்து வந்தவள் கொடுத்த மருந்தையே திரும்பக் கொடுக்கப் போனாள். நல்லவேளை, நோயாளியே தடுத்துவிட்டார். அன்றைக்கே மேட்ரன் சொல்லிவிட்டாள்: மாசக் கடைசிக்குள் ஒழுங்காகப் பேச வராவிட்டால், வார்டு கிடையாது, துணி துவைக்கிற இடத்துக்குத்தான்.

"காலையில எனக்கு டூட்டி, மிஸ். காலை பேட்ச்சுக்கு எப்படி வருவேன்?" என்று போன வாரமே கெஞ்சிப் பார்த்தாள்.

"அதுக்கு நான் என்னம்மா பண்ணட்டும்? உங்க டூட்டியை மாத்தறதா என் வேலை?"

இப்போது மிஸ்ஸின் பார்வை ஒவ்வொரு முகமாகத் தாண்டி அக்காவிடம் வந்து நின்றது.

"கடைசியா வர்ற ஒருத்தரை அனுப்பறேன்னு சொன்னேன். இப்ப ஏழு பேருக்கும் நாலே மார்க். ஏழு பேருமே கடைசி. நான் யாரைன்னு அனுப்பறது? இதனால யாருக்கு லாபம்னு எனக்குப் புரியாம இல்ல."

அக்கா நிமிர்ந்தாள்.

"டெஸ்ட் எழுதறப்பவே பார்த்தேன். இந்தப் பக்கம் கொரியர்காரர் உங்க மேல சாயறார், அந்தப் பக்கம் பார்லர்காரி சாயறா, எதிர்ல மெக்கானிக் கழுத்தை ஒட்டகம் மாதிரி நீட்டறார். பாவம்னு உங்களுக்குக் காட்டறாங்கன்னு நினைச்சு, போனாப் போகுதுன்னு சும்மா இருந்தேன். பார்த்து எழுதறதையாவது சரியா எழுதியிருக்கக் கூடாதா? யார் தாளைப் பார்த்தீங்க?"

"நான் யாருதையும் பார்க்கல, மிஸ்."

"அப்புறம் எப்படி எல்லார் தாள்லயும் இருக்கிறது உங்க தாள்ல வந்தது?"

"தெரியல, மிஸ். நானா யோசிச்சுத்தான் எழுதினேன். 'வென்ட்'னா போச்சு. போயே போச்சுன்னு சொல்லணும்ல, அதான் இன்னொண்ணு சேர்த்தேன்."

உள்ளே டி.வி. பார்த்துக்கொண்டிருந்த மிஸ்ஸின் கணவர் களுக்கென்று சிரித்தார். மிஸ் அந்தப் பக்கம் ஒரு முறை முறைத்தாள். டி.வி. சத்தம் கூடியது.

"பொய் வேறயா? படிப்பு வராதவங்களைக் கூடப் பொறுத்துப்பேன். திருட்டுத்தனத்தைப் பொறுக்க மாட்டேன். நாளையிலேர்ந்து வராதீங்க."

அக்கா அழவில்லை. பேனாவை மூடிப் பைக்குள் போட்டாள். நாற்காலியைச் சத்தம் வராமல் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"சரி, மிஸ். துணி துவைக்கிறதும் வேலைதான். ஆனா பார்த்து எழுதினேன்னு மட்டும் சொல்லாதீங்க. இத்தனை வருஷம் வார்டுல இருந்திருக்கேன், ஒரு பேஷண்டோட பழத்தைக்கூட கேக்காம தொட்டதில்ல."

அவள் வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினாள். பார்லர்காரி மெக்கானிக்கின் காலை மேஜைக்கு அடியில் மிதித்தாள். கொரியர்காரர், "சொல்லிடுங்க, அண்ணே" என்று முணுமுணுத்தார்.

மெக்கானிக் எழுந்து நின்றார். ஸ்கூல் பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டார்.

"அவங்க யாரையும் பார்த்து எழுதல, மிஸ். நாங்க ஆறு பேரும்தான் அவங்களைப் பார்த்து எழுதினோம்."