பரவலானது

சிதம்பரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிய வைத்திலிங்கம், மகள் இளமதி ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் கல்லூரிக்கு நேராகப் போனார். அவளை வகுப்பிலிருந்து வெளியே கூப்பிட்டு, கையிலிருந்த ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டினார்.

“இதுல ‘வைட்ஸ்ப்ரெட்’னு போட்டிருக்கே, அன்னிக்கு என்ன அர்த்தம் சொன்ன?”

“பரவலா இருக்கறதுன்னு சொன்னேன்ப்பா.”

“ஊர்ல பரவலா எல்லாருக்கும் வர்றதுதான், பயப்படாதீங்கன்னு சொன்ன. கடலூர்ல பஸ் ஏறினப்ப பக்கத்துல ஒரு நர்ஸம்மா இருந்தாங்க. அவுங்ககிட்ட காட்டினேன். கட்டி உடம்பு பூரா பரவியிருக்குன்னு அர்த்தமாமே!”

இளமதி தலையைக் குனிந்துகொண்டாள்.

“பெத்த அப்பனை ஏமாத்த எப்படிம்மா மனசு வந்துச்சு?”

“அம்மாதாம்ப்பா சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க.”

“அப்போ அவளுக்கும் தெரியுமா?”

“முதல் நாளே தெரியும். நீங்க தாங்க மாட்டீங்கன்னு பயந்தாங்க.”

வைத்திலிங்கம் கல்லூரிப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“மூணு மாசம்! கட்டினவளும் பெத்த பொண்ணும் சேர்ந்துக்கிட்டு என்னை முட்டாளாக்கிட்டீங்களே.”

“கோவப்படாதீங்கப்பா. வாங்க, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்.”

“எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு வீட்டுக்கு வர்றது? அவ்வளவு கட்டியை உடம்புல வச்சிக்கிட்டு இடுப்பு வலிக்குதுன்னு படுத்திருந்த உங்கம்மாவை, வேலைக்குப் பயந்து நடிக்கிறியான்னு கேட்டு, காலையில எழுப்பி இட்லி ஊத்த வச்சிட்டு வந்திருக்கேன்டி!”