கடைசி மெஷின்

"வயசுப் பொண்ண கக்கூஸ் வாசல்ல கொண்டாந்து ஒக்கார வெச்சிருக்கீங்களே, இது ஞாயமா சார்?"

செந்தமிழ்ச்செல்வி போட்ட சத்தத்தில் அந்தத் தட்டாஞ்சாவடி சட்டை கம்பெனியின் தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. கண்ணாடி அறையிலிருந்து முதலாளி வெளியே வந்தார்.

பூவிழி தலை நிமிரவில்லை. எல்லாரும் வேறு யாரோ ஒருத்தியைப் பற்றிப் பேசுவதுபோல் இருந்தது அவளுக்கு. இரண்டடி தள்ளிக் கழிப்பறைக் கதவு. அது திறக்கும்போதெல்லாம் பினாயிலும் மூத்திரமும் கலந்து அடித்த நெடிகூட உறைக்கவில்லை.

நாலு வருடமாக மூன்றாவது லைனின் முதல் மெஷினில், ஃபேனுக்கு நேர் கீழே காலர் தைத்தவள். திங்கட்கிழமை காலையில் சூப்பர்வைசர் வெற்றிவேல் அவளைக் கடைசி மெஷினுக்கு மாற்றிவிட்டார். கேட்டவர்களுக்கு அவர் காரணம் சொல்லவில்லை.

அதே லைனில் தைக்கும் செல்வி கொதித்ததற்குக் காரணம் இருந்தது. போன வாரம்தான் நெல்லித்தோப்பில் பூவிழி வீட்டுக்குப் போய், தன் தம்பி விஜய்க்காக அவளுக்குப் பூ வைத்துவிட்டு வந்திருந்தாள். தை பிறந்தால் கல்யாணம்.

"பாத்ரூம் போவணும்னா லைனுக்கு ஒரே டோக்கன். அதக் கேட்டுக்கூட மூணு நாளா இவ எழுந்து வரல சார், அவ்ளோ பயம். மத்தியானச் சோத்த அப்படியே எங்கிட்ட தள்ளிடறா." சொல்லிக்கொண்டே செல்வி பூவிழியின் தோளில் கை போட்டு அணைத்துக்கொண்டாள்.

முதலாளி திரும்பினார். "என்னய்யா வெற்றிவேல், எதுக்கு மாத்துன?"

வெற்றிவேல் பூவிழியை ஒருமுறை பார்த்தார். "நானாதான் சார் மாத்துனேன்."

"அதான் எதுக்கு?"

"நானாதான் சார்" என்று மறுபடியும் அதையே சொன்னார் அவர். பின்வரிசையில் யாரோ, "பொண்ணு படியல போல, அதான் பழி வாங்கறான்" என்றாள். நாற்பது பெண்கள் ஒரே நேரத்தில் முணுமுணுத்தார்கள்.

முதலாளியின் முகம் மாறியது. இந்த மாதிரிப் பேச்சு வெளியே போனால் கம்பெனி பெயர் என்னவாகும்? "சாவிய வெச்சிட்டுக் கெளம்புய்யா. இனிமே வராத."

பதினோரு வருட வேலை. வெற்றிவேல் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கழற்றினார்.

பூவிழி எழுந்து நின்றாள். பயமோ வெட்கமோ வரும் என்று காத்திருந்தாள். எதுவும் வரவில்லை.

"நீ ஒக்காரும்மா" என்றார் வெற்றிவேல் மெதுவாக.

அவள் உட்காரவில்லை. "சார், எனக்குக் கொடல்ல புண்ணு. ரெண்டு வருசமா மாத்தர சாப்புடறேன். கொஞ்ச நாளா ரொம்ப மோசம். ஒரு நாளைக்குப் பத்து பன்னெண்டு வாட்டி ரத்தமாப் போவுது. வந்தா அடக்க முடியாது." தைத்து முடித்த காலர்களின் எண்ணிக்கையைச் சொல்வதுபோல் ஒரே சீராகச் சொன்னாள்.

அவள் தோளில் இருந்த செல்வியின் கை மெல்ல விலகியது. ஆனால் செல்வியின் குரல் இறங்கவில்லை.

"கேட்டீங்களா சார்? சீக்காளிப் பொண்ணுன்னுகூடப் பாக்காம இங்க கொண்டாந்து தள்ளியிருக்காரு இந்த மனுசன்!"

பூவிழி அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"இல்லக்கா. இந்த எடத்த நான்தான் கெஞ்சிக் கேட்டு வாங்குனேன்."