நடிகை பேருல ஒரு வலைப்பூ

"பாய், தலைப்புல அந்த நடிகை பேரப் போடுங்க. நல்லா பெரிய எழுத்துல."

ரஹ்மத்துல்லா கீபோர்டுல இருந்து கையை எடுத்துட்டாரு. கோரிப்பாளையத்துல பிரவுசிங் சென்டர் வச்சு ஏழு வருஷம் ஆச்சு. குடும்பப் பொம்பளை ஒருத்தி வாயில இருந்து இப்படி ஒரு பேச்சை அவரு கேட்டதே இல்லை.

"யா அல்லா! தங்கச்சி, நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"மொதல்ல நாலு பேரு வரட்டும் பாய், அப்புறம் சொல்லட்டும். இப்ப ஒரு ஈ காக்கா வரலையே!"

பாண்டிமீனா சொன்னதும் நெசந்தான். அவ மக இலக்கியாவுக்கு ஆறு வயசு. உடம்புல ரத்தம் ஊறாத நோய். மூணு வாரத்துக்கு ஒருக்கா ஒரு பாட்டில் ஏத்தியாகணும். ரத்த வங்கியில ஒரு பாட்டில் வாங்கினா, எந்த குரூப்பா இருந்தாலும் சரி, பதிலுக்கு ஒரு ஆளு வந்து குடுக்கணும். சொந்தபந்தம் பூரா ஒரு சுத்து குடுத்தாச்சு. அதுக்காகத்தான் இந்த வலைப்பூவ ஆரம்பிச்சா. 'ஒரு தாயின் கண்ணீர்'னு பேரு. ஒரு மாசத்துல ஒம்பது பேரு வந்திருந்தாங்க. அதுல ஆறு தடவை இவளே.

"கண்ணீர்னு அடிச்சு யாரு பாய் தேடுறா? சனம் எதைத் தேடுதோ அங்கதான நாம போயி நிக்கணும்?"

பாய் பெருமூச்சு விட்டாரு. "சரி. வேற?"

"பக்கத்தைத் திறந்தா மேல இருந்து பூ கொட்டுதுல்ல, அதை எடுங்க. பாட்டையும் எடுங்க. நீங்க ஆசையா வச்சீங்க, இல்லேங்கல. ஆனா அது திறக்குறதுக்குள்ள டீ குடிச்சிட்டு வந்துரலாம். வந்தவன் நிப்பானா?"

பன்னெண்டு படம் இருந்தது. இலக்கியா படம் ஒண்ண மட்டும் சின்னதாக்கி வச்சிட்டு மிச்சத்தைத் தூக்கினாங்க. போன் நம்பர உச்சிக்குக் கொண்டு வந்தாங்க. அதுக்குக் கீழ பாண்டிமீனா சொல்லச் சொல்ல பாய் அடிச்சாரு:

'இந்தப் பேரைத் தேடி வந்த அண்ணே, ஏமாத்தினதுக்கு மன்னிச்சிருங்க. உங்க உடம்புல அஞ்சு லிட்டர் ரத்தம் ஓடுது. எம் மகளுக்கு ஒரு பாட்டில் போதும்.'

அடிச்சு முடிச்சதும் பாய் கண்ணைத் துடைச்சிக்கிட்டாரு.

அம்புட்டுத்தான். வலைப்பூ கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள திறந்துச்சு. ஒரு நாளைக்கு முந்நூறு பேரு, நானூறு பேருன்னு வந்து குமிஞ்சாங்க. அசிங்கமாத் திட்டுனவனுங்களும் உண்டு. அவ அசரல. வீடு ஒத்தக்கடையில. அங்க இருந்து தினம் பஸ் ஏறி பாய் கடைக்கு வந்து ஒருத்தன் விடாம பதில் போட்டா. 'உங்க கோவம் நியாயந்தான் தம்பி. ஒரு தடவை எம் மகளைப் பாத்துட்டுத் திட்டுங்க.' திட்டுனதுல ரெண்டு பேரு வந்து ரத்தமும் குடுத்துட்டுப் போனானுங்க.

ஆச்சு, அஞ்சு மாசம் ஓடிருச்சு. ஆனா இந்தச் சனிக்கிழமை ரத்தம் குடுக்க வாரேன்னு சொன்ன ஆளுக்குக் காய்ச்சல். அந்தக் கவலையோட பாண்டிமீனா பஸ்ஸ விட்டு இறங்கினா. வீட்டு வாசல்ல ஒரே கூட்டம்.

காலனி சங்கச் செயலாளர் சௌரிராஜன் கையில ஒரு தாளோட நின்னாரு. பக்கத்துல அவரு சம்சாரம் சூடாமணி, இன்னும் ஏழெட்டுப் பேரு.

"ஏம்மா, பொம்பளப்பிள்ளைய வச்சிருக்கவ செய்யுற வேலையா இது? அந்த நடிகை பேரப் போட்டா மொத ஆளா உன் பேரு வருது! நம்ம காலனி மானமே போச்சு. இன்னைக்கே அதை அழிக்கிற. இல்லேன்னா வீட்டு ஓனர்ட்ட சொல்லி வீட்டைக் காலி பண்ண வப்பேன்."

"சார், எம் மகளுக்காக..."

"எதுக்காகவா இருந்தா என்ன? ஒழுக்கம்னு ஒண்ணு இருக்குல்ல? இந்தா, ஆதாரத்தோட வந்திருக்கேன். எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல நானே பிரிண்ட் எடுத்தது."

தாளை அவ கையில திணிச்சாரு. கூகுள் பக்கத்தை அப்படியே அச்செடுத்திருந்தாரு. மொத வரியில அவ வலைப்பூ. பாண்டிமீனா கண்ணு அதுக்கும் மேல போச்சு. தாளோட உச்சியில, தேடுறதுக்கு அடிக்கிற கட்டத்துக்குள்ள, நடிகை பேரோட சேர்த்து அவரு என்னத்தை அடிச்சுத் தேடினாரோ அதுவும் அச்சாகியிருந்துச்சு. 'குளிக்கும் வீடியோ.'

அவ அதுமேல விரலை வச்சு அவரைப் பாத்தா.

சௌரிராஜன் எட்டிப் பாத்தாரு. மூஞ்சி வெளுத்துப் போச்சு.

"குடு மீனா, என்னதான் இருக்குன்னு நானும் பாக்குறேன்" சூடாமணி கையை நீட்டினாங்க.



"வேணாம்க்கா. சார் நல்லதுக்குத்தான் சொல்றாரு. தப்பு எம் மேலதான்." தாளை நாலா மடிச்சுக் கைப்பைக்குள்ள வச்சு ஜிப்பை இழுத்தா.

கூட்டம் கலைஞ்சுச்சு. நகர முடியாம நின்ன சௌரிராஜன்கிட்ட மெதுவாச் சொன்னா.

"சனிக்கிழமை காலைல எட்டு மணிக்கு ரத்த வங்கி சார். வெறும் வயித்தோட வந்துராதீங்க, மயக்கம் வரும்."