பதினோராம் கட்டிலின் போத்தல்

வார்ட்டில் காலையில் இறந்துபோன பதினோராம் கட்டில்காரரைக் கொண்டுபோய்விட்டார்கள். அவருடைய நெஞ்சுக்குழாய்ப் போத்தல் மட்டும் குழாய் கழற்றப்பட்டு, தண்ணீரோடு, கட்டிலுக்கடியில் கழுவப்படாமல் இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் மஹ்ரூப் நானா. அவருடைய நெஞ்சிலிருந்து போத்தலுக்கு இறங்கும் குழாயைத் தாதி நிருஷா தடவிப் பார்த்தாள். எங்கும் மடங்கியிருக்கவில்லை.

"ஒருக்கா இருமுங்கோ, நானா."

இருமினால் நெஞ்சில் தேங்கிய காற்று போத்தல் தண்ணீரில் குமிழியாக வரவேண்டும். அவர் இருமினார். அவருடைய போத்தல் அசையவில்லை. பதினோராம் கட்டிலின் போத்தலில் குமிழிகள் எழுந்தன.

"இன்னொருக்கா."

மறுபடியும் அங்கேதான் எழுந்தன.

"காத்து வருதா, மிஸ்?" என்று கேட்டாள் கட்டுகஸ்தோட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்த அவர் மனைவி.

"ஓம், வருது," என்றாள் நிருஷா. பொய்யில்லைதான்.

அவள் திரும்புவதற்குள் சிற்றூழியர் அந்தப் போத்தலைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார். கழுவுமிடத்தில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. அடுத்த இருமலுக்காகத் திறந்த வாயை மஹ்ரூப் நானா பிறகு மூடவேயில்லை.