பட்டியலில் இல்லாத பெரணி

குன்னூர் பங்களாவின் செடி வளர்க்கும் பழைய கண்ணாடி வீட்டைப் புதுப்பிக்கிறார்கள். கட்டிய காலத்துப் பட்டியலில் இல்லாத செடிகளைக் களைவது தோட்டக்காரன் ஜோகியின் வேலை. சுவர் விரிசலில் தானாக முளைத்த பெரணிக்குப் பேச்சுக்கருவி மாட்டி, பேசப் பழக்கியவனும் அவன்தான்.

"உன்னை வேற இடத்துல வைக்கப் போறோம்மா" என்று கூசாமல் பொய் சொல்லி, வேரோடு எடுத்தான்.

"நீங்க சொன்னா சரிண்ணே. போயிட்டு வரேன்."

'போறேன்' என்று சொல்லக் கூடாதென்று கற்றுக்கொடுத்திருந்தான். வாய் தவறி, "வாம்மா" என்றுவிட்டான்.

மேஸ்திரி சிரித்தார். "எங்கடா வரும்? லிஸ்ட்லயே இல்லையே."

ஜோகி பெரணியைக் குப்பை வண்டியில் வைத்தான். கருவியைக் கழற்றக் கை வரவில்லை. வண்டி கிளம்பியது.

"அண்ணே, புது இடம் கொஞ்சம் குலுங்குது" என்றது பெரணி. "பரவால்லண்ணே, பழகிடும்."