இரண்டு தலை மாடு

பிச்சாட்டூர் சந்தைக்கு மாடு ஒரே ஒரு தலையோடுதான் வந்தது. இரண்டாவது தலை என் கேமராவுக்குள் முளைத்தது.

தப்பு மாட்டின் மேல் இல்லை. என் பெட்டிக் கேமராவுக்கு அசைவது ஆகாது. அசைந்தால் புகையாக்கிவிடும். நான் எடுத்த கழைக்கூத்தாடிப் பெண்ணுக்கு ஆறு கால். குரங்கையும் தாசில்தாரையும் ஒன்றாக நிறுத்தி எடுத்தபோது குரங்கு இமைகூடக் கொட்டவில்லை. தாசில்தார்தான் முகமில்லாமல் போனார்.

பிழைப்புக்கு நூல் கடைக் குமாஸ்தா நான். படமெடுப்பது வெறும் பித்து.

அன்றைக்கு கங்கையாவின் பூம்பூம் மாட்டை எடுக்கப் போயிருந்தேன். கொம்பில் பித்தளைப் பூண், நெற்றியில் சோழி, முதுகு கொள்ளாத துணி. சுற்றுவட்டாரத்தில் கிழிந்தது, சாயம் போனது, செத்தவர் உடுத்தியது எல்லாம் கடைசியில் அந்த மாட்டின் மேல்தான் வந்து சேரும்.

எல்லைத் தகராறு கொதித்துக்கொண்டிருந்த வருஷம். எங்கள் ஊர்கள் எந்தப் பக்கம் என்று பெரிய மனிதர்கள் கூடிக் கூடிக் கலைந்தார்கள்.

"இன்னா பசவண்ணா, மெட்ராஸோட சேருவமா?" என்று ஒருவன் கேட்டான்.

கங்கையா உறுமியைத் தேய்த்தார். மாடு தலையாட்டியது.

"அப்போ ஆந்திராவுலயே இருந்துடுவமா?"

அதற்கும் ஆட்டியது. சனம் சிரித்தது. இரண்டு பக்கமும் சிரித்து ஏற்றுக்கொண்ட தீர்ப்பு எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

அந்தச் சிரிப்புக்குள் செங்கம்மா வந்தாள். பின்னாலேயே மருமகள் வரலட்சுமி, நிறைமாத வயிற்றோடு.

செங்கம்மாவின் மகன் தாமோதரன் எல்லைப் போராட்டத்தில் ரயில் மறிக்கப் போன கூட்டத்தோடு போனவன். கூட்டம் சிதறியது, எல்லோரும் வந்தார்கள், அவன் வரவில்லை. உயிரோடு பார்த்தவரும் இல்லை, பிணமாகப் பார்த்தவரும் இல்லை. வருகிற அமாவாசைக்குக் காரியத்தைச் செய்து, வரலட்சுமியின் தாலியை இறக்கிவிடுவது என்று பங்காளிகள் பேசி முடித்திருந்தார்கள். பேசியவர் அவனுடைய பெரியப்பா வேதாச்சலம். அவரும் அங்கேதான் நின்றார்.

தாமோதரனை எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவன் சட்டையைத் தெரியாதவர் கிடையாது. அம்மா தைத்தது. எதிரில் நிற்கவைத்து அளவெடுத்தவள், தன் இடக்கைப் பக்கத்தை அவன் இடக்கைப் பக்கம் என்று எண்ணி, பாக்கெட்டை வலப்பக்கத்தில் வைத்துவிட்டாள். யாராவது கேலி செய்தால், "கண்ணாடியில பாரு, கரெக்டா இருக்கும்" என்பான். அதையே போட்டுக்கொண்டு திரிந்தான். போகும்போதும் அதைத்தான் போட்டுப் போனான்.

செங்கம்மா மாட்டை ஒட்டி நின்றாள். விலாவில் கை வைத்துத் தடவினாள். ஒரு துணியின் மேல் கை தங்கியது. பிறகு வேதாச்சலத்தின் பக்கம் திரும்பினாள்.

"பெரியவரே, நீங்களும் நல்லா பாத்துக்கோங்க."

சந்தை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"பசவண்ணா! எம்புள்ள உசுரோட கீறானா? வூடு வந்து சேருவானா?"

யாரும் சிரிக்கவில்லை. கங்கையாவின் கை உறுமியின் மேலேயே நின்றுவிட்டது.

"இன்னா கங்கையா, மாட்டுக்கு வாயைக் கட்டிட்டியா? கேளு!" என்றாள் செங்கம்மா.

அவர் தேய்த்தார். மாடு தலையாட்டியது, சலங்கை அறுந்து விழுகிற மாதிரி.

நான் கேமராவை அமுக்கினேன்.

சனம் ஓவென்று கத்தியது. வேதாச்சலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பசவண்ணன் வாக்கு. அமாவாசைக்கு ஒண்ணும் வேணாம்" என்றார். வரலட்சுமி அழுதுகொண்டே சிரித்தாள். செங்கம்மா அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. வாங்கி வைத்திருந்த அரிசியைக் கங்கையாவின் பையில் கொட்டிவிட்டுப் போனாள்.

ஃபிலிமைத் திருப்பதியில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துக் கழுவி, பிரிண்டு போட்டு வாங்கினேன். மாட்டுக்கு இரண்டு தலை. திருவிழாவில் கூடாரம் போட்டுக் காட்டலாம் என்றார் ஸ்டூடியோக்காரர். சுற்றி நின்ற சனமெல்லாம் புகை. வேதாச்சலத்துக்கு மூக்கே இல்லை.

செங்கம்மா ஒருத்திதான் கல்லில் செதுக்கினாற்போல விழுந்திருந்தாள். துளி அசைவில்லை. அவள் கையும் அப்படியே. கைக்குக் கீழே, மற்ற துணிகளுக்கு நடுவில், மாட்டின் விலாவில் விரிந்து கிடந்த சட்டையும் அப்படியே.

பாக்கெட் வலப்பக்கம் இருந்தது.

நெகடிவைத் திருப்பிப் போட்டுவிட்டார்களோ என்று பார்த்தேன். பின்னால் இருந்த கடைப் பலகையில், யாரோ தார் பூசியது போக மிஞ்சிய எழுத்துகள் நேராகத்தான் இருந்தன.

காலரிலிருந்து தோள் வரைக்கும் ஒரு கறுப்புத் திட்டு. அது புகை இல்லை.

செங்கம்மாவின் விரல்கள் பாக்கெட்டுக்குள் இருந்தன.

அடுத்த சந்தையில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு எடுத்தியே நைனா, படம் வந்துச்சா?"

"வெளிச்சம் பட்டுப் பாழாயிடுச்சிம்மா" என்றேன். பொய் சொல்ல எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

என் முகத்தையே பார்த்தாள். அவளுக்குப் பின்னால் வரலட்சுமி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வளையல் கடையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லதாப் போச்சு" என்றாள் செங்கம்மா.

பிறகு பூக்காரியிடம் திரும்பி, மருமகளுக்கு இன்னும் ஒரு முழம் போடச் சொன்னாள்.