சலேத்மேரி சொன்ன குறைகள்

அடியில் விளக்கெரியும் மேசைமேல், கண்ணாடியில் தீட்டிய முகத்தை வைத்துவிட்டு அர்த்தநாரி விலகி நின்றார்.

சலேத்மேரி குனிந்து பார்த்தாள். பனமரத்துப்பட்டியிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். மூச்சு இன்னும் அடங்கவில்லை.

உள்ளங்கை அளவு கண்ணாடி. அதில் அவள் மகன் ஜெயபிரகாஷ்.

போர்வெல் வண்டியோடு ஒடிசாவுக்குப் போனவன், போன வருடம் பெட்டியில் திரும்பி வந்தான். கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து, ஊர் மாதா கோயிலில் அவன் நினைவாக ஒரு வண்ணக் கண்ணாடிச் சன்னல் வைக்க ஏற்பாடு செய்தார்கள். சூசையப்பர் காலடியில் மண்டியிட்டிருக்கும் இளைஞனுக்கு அவன் முகம்.

மற்றதெல்லாம் முடிந்து, ஈயப் பட்டை பிடித்து, சன்னல் அர்த்தநாரியின் அம்மாபேட்டைப் பட்டறைச் சுவரில் சாய்ந்திருந்தது. முகம் இருக்க வேண்டிய இடம் மட்டும் ஓட்டையாக இருந்தது.

வியாழன்தோறும் வருவாள். வியாழன்தோறும் ஒரு குறை இருக்கும். ஒரு முறை புருவம் தடித்திருந்தது. இன்னொரு முறை காது தள்ளியிருந்தது.

குறையைச் சொல்லிவிட்டு உடனே கிளம்ப மாட்டாள். டீ குடிப்பாள். சின்ன வயதில் மேச்சேரிக் கிடா ஒன்று அவனை முட்டித் தள்ளிய கதையைச் சொல்வாள். எந்தக் காட்டில் குழி போட்டாலும், தண்ணீர் வந்ததும் முதல் போன் தனக்குத்தான் என்பாள்.

"இப்பல்லாம் போனு அடிக்கறதே இல்லீங்கண்ணா."

அர்த்தநாரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார். எத்தனையோ கோயில்களுக்கு நினைவுச் சன்னல் செய்தவர். போட்டோ கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் அப்புறம் பட்டறைப் பக்கம் வந்ததில்லை. மனைவி போன பிறகு, அவருடைய ஒரு நாள் பேச்சு டீக்கடையில் 'சர்க்கரை வேண்டாம்' என்பதோடு முடிந்துவிடும்.

வருகிற ஞாயிறு ஜெயபிரகாஷுக்கு வருட நினைவுத் திருப்பலி. சனிக்கிழமையே சன்னலை மாட்டியாக வேண்டுமென்று ஃபாதர் காலையில் போனில் கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டார். அதனால்தான் இன்று இந்த முகம்.

சலேத்மேரி பையிலிருந்து போட்டோவை எடுத்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். அதே கண்கள். ஒரு பக்கமாக ஏறிய அதே சிரிப்பு. இம்மி வித்தியாசம் இல்லை.

கண்ணாடிக் கன்னத்தில் விரலை வைத்தவள் எடுக்கவே இல்லை.

அர்த்தநாரி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெகுநேரம் கழித்து அவள் போட்டோவைக் கவிழ்த்து வைத்தாள்.

"மூக்கு வேறயா இருக்குதுங்கண்ணா. இது எம்பையன் இல்லீங்க."

அவர் மேசை விளக்கை அணைத்தார்.

"ஆமாங்க அம்மிணி, தப்பாத்தான் வந்துருச்சு. மாத்திடறேன். அடுத்த வியாழக்கிழமை வாங்க."

அவள் முன்னாலேயே ஃபாதருக்கு போன் போட்டு, கண்ணாடி சுடும் சூளை பழுதாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமைக்கு ஆகாது என்றார். ஃபாதர் சத்தம் போட்டது வெளியே கேட்டது. சலேத்மேரி தலை குனிந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

அவள் போன பிறகு, அந்த முகத்தைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

முதல் தடவை அவள் போட்டோ கொடுத்துவிட்டுப் போன மறுநாளே வரைந்து, சூளையில் சுட்டெடுத்த முகம் அது. குறையுள்ள முகங்களையெல்லாம் அதற்குப் பிறகுதான் வரைந்தார்.